றெஜினாவின் இரண்டு கதிரைகள்

கலாநிதி றெஜினா மறைந்த செய்தி காலை பத்து மணியளவில் ஆய்வுகூடத்துக்கு வந்தது. தொலைபேசியில் சொன்னவர் அவருடைய கணவர் அல்பிரட் மாஸ்டர். "தம்பி, றெஜினா போயிட்டா. ஓடுற மெசினை நிப்பாட்டிப்போட்டு வரவேண்டாம், அவ ஏசுவா" என்றார். நானும் நிறுத்தவில்லை. மாதிரிகள் ஓடி முடிந்து, முடிவுகளைச் சேமித்த பிறகே புறப்பட்டேன். அவரை அறிந்தவர்கள் இதற்காக என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.

ஓர்ஸ் ஹில்லில் உள்ள அந்த இரண்டறை ஆய்வுகூடத்தில் பதினான்கு வருடங்கள் அவருடன் வேலை செய்தேன். பரம்பரை இயல்புகளை ஆராயும் பிறப்புரிமையியலில் வெளிநாட்டில் பட்டம் பெற்றவர், அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து அவர் ஆராய்ந்தது ஒரே கேள்வியை: நல்ல உடல்நலத்தோடு இருக்கும் சில ஆண்களுக்கு ஏன் விந்தணு உருவாவதில்லை? அவர்களில் சிலருக்கு, ஆண்களிடம் மட்டுமே உள்ள 'வை' நிறமூர்த்தத்தில், அதாவது வை குரோமோசோமில், ஒரு சிறு துண்டு பிறவியிலேயே இருப்பதில்லை. இல்லாத துண்டைத் தேடுவதுதான் தன் தொழில் என்பார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லையென்றால் மருமகளைத்தான் மாமியார் கூட்டிவருவார். கணவன் வராமல் றெஜினா பெயர் பதியமாட்டார். முடிவு சொல்லும்போதும் இருவரும் அருகருகே இருக்கவேண்டும். மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள்தான், மூன்றாவது கிடையாது. மாமியார்மார் வெளியே முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். "முடிவு ஒண்டு, கேக்கிற காது நாலு" என்பார் றெஜினா.

அவர் கொழும்புக்குப் போயிருந்த ஒரு நாள், சாம்பல்தீவிலிருந்து ஒருவர் தனியாக வந்தார். மனைவிக்குக் காய்ச்சல், முடிவைத் தன்னிடம் தரச்சொல்லிக் கேட்டார். குடும்பத் தலைவன்தானே என்று உறையைக் கொடுத்துவிட்டேன். துண்டு இல்லாதது அவரிடம். றெஜினா திரும்பி வந்ததும், சாதாரண விசயம்போல இதைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "நீங்கள் ரெண்டு காதைப் பொத்திப்போட்டீங்கள்" என்றார்.

இருவர் பெயரையும் போட்டுக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடியும் எழுதினார். மூன்றாவது கடிதத்தை மனைவி பிரித்திருக்கிறார். அவர்கள் வந்து சேர எட்டு மாதமாயிற்று. அதற்குள் மாமியார் வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். கணவன் முடிவை மறைத்ததை றெஜினா காட்டிக்கொடுக்கவில்லை. பிழை எங்களுடையது, முடிவை முறைப்படி கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லி, முதலிலிருந்து வாசித்தார். கணவன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அப்ப நான் இவ்வளவு நாளும் குடிச்ச கசாயமெல்லாம்?" என்று கேட்டார். அன்று வெட்கப்பட்டேன், இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர்கள் ஒன்றாகவே எழுந்து போனார்கள். பிறகு வேறு பெண் பேச்சு நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

றெஜினாவுக்கும் பிள்ளை இல்லை. தனக்கே பெற ஏலாதவ மற்றவைக்கு ஆராய்ச்சி செய்யிறா என்று கோயில் வாசலிலேயே கதைத்தார்கள். அவர் காதில் விழும்படிதான் கதைத்தார்கள். "கதைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடப்பார். குறை அவரிடம்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அத்தனை வருடம் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றும் அப்படித்தான் நினைத்தேன்.

செத்த வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர், பாவம், பிள்ளைப் பாக்கியம் அவவுக்கு இல்லாமல் போச்சு என்று அழுதார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அல்பிரட் மாஸ்டர் எழுந்து நின்றார்.

"அந்தத் துண்டு என்னிலதான் இல்லை. ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருந்துதான் முடிவைக் கேட்டனாங்கள். வெளியில சொல்லாதையும் எண்டு நான்தான் கேட்டனான். அவ கடைசிவரைக்கும் சொல்லேல்ல."

அவருக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது.

முடிவுகளைக் கொடுக்கும் பொறுப்பு இப்போது என்னுடையது. போன கிழமை ஒருவர் தனியாக வந்து, மனைவிக்கு வேலை, தன்னிடம் தந்தால் போதும் என்றார். நான் உறையை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"ஏலாது. ரெண்டு பேருமா வாங்கோ" என்றேன்.