சபையின் பேரில் பதில் எழுதியவள்

அந்தச் சபையில் அவளுக்குப் பெயர் 'குரூப் அக்கா'. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சபையின் வாட்ஸ்அப் குரூப்பும் முகநூல் பக்கமும் அவள் கையில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் கடை. ஃபிரேமில் லென்ஸைப் பொருத்துவது, தளர்ந்த திருகை முடுக்குவது, காதை அழுத்துகிற கம்பிக்குச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால் உலகமே ஒரு திருகு அளவுக்குச் சுருங்கிவிடும். அது அவளுக்குப் பிடிக்கும். மேசை ஓரத்தில் கிடக்கும் போன்தான் சும்மா இருக்காது.

எல்லாம் அந்த நோய்க்காலத்தில் ஆரம்பித்தது. ஆலயம் பூட்டிக் கிடந்தபோது போதகர் தன் வீட்டு அறையிலிருந்து பிரசங்கத்தை நேரலையில் கொடுத்தார். முதல் வாரம் படம் தலைகீழாகத் தெரிந்தது. அவள் போன் போட்டு, "ஐயா, போனைத் திருப்பிப் பிடிங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அடுத்த வாரத்திலிருந்து போனைப் பிடிப்பதே அவள் வேலையாகிவிட்டது. ஆலயம் திறந்த பிறகும் அந்த வேலை அவளை விடவில்லை. எல்லாரும் முழங்கால் போடும்போதும் அவள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, படம் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

டிசம்பர் வந்துவிட்டால் மூச்சு விட நேரமிருக்காது. பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு போஸ்டர், வாலிபருக்கு ஒரு போஸ்டர், பாடகர் குழுவுக்கு ஒரு போஸ்டர். ஒருவர் நட்சத்திரம் பெரிதாக வேண்டும் என்பார், இன்னொருவர் தன் படம் பெரிதாக வேண்டும் என்பார். ஒருமுறை அவசரத்தில் 'மீட்பர் பிறந்தார்' என்பது 'மீட்டர் பிறந்தார்' என்று போய்விட்டது. அவள் பார்ப்பதற்குள் பாதிச் சபை ஆமென் போட்டிருந்தது.

"எந்த மீட்டர்? கரண்டா, தண்ணியா?" என்று கேட்டான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் சீசன் தொடங்கும் முன்பே போதகரிடம் போய் நின்றாள்.

"ஐயா, எனக்கு இது போதும். வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

"நீ இல்லன்னா யாரும்மா இருக்கா? கிறிஸ்துமஸ் முடியட்டும், பேசிக்கலாம்" என்றார் அவர், அன்பாகத்தான். ஈஸ்டருக்கு முன்னாலும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். அப்போது முடிய வேண்டியது ஈஸ்டர்.

ஒரு மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தபோது சபைப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவருக்குப் படம் இல்லை.

'ஐயா, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு யார் வேணும்னாலும் வரலாமா?'

வழக்கம்போல, 'எல்லாரும் வாங்க' என்று பதில் போட்டாள்.

'என்னை மாதிரி ஆளும் வரலாமா?'

இதற்கு என்ன பதில் போடுவதென்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீளமாக இன்னொன்று வந்தது. வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம். அப்பா சபைக்கு முன்னால் எழுந்து நின்று, எனக்கு இனி மகள் கிடையாது என்று சொன்னது. இப்போது கையில் ஒரு குழந்தை. அதோடு ஒரு தடவை ஆலயத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் என்ற ஏக்கம். கடைசியில், 'எங்கப்பாதான் சபைச் செயலாளர்.'

அவர் அப்படி எழுந்து நின்று சொன்ன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றிருந்தவள், பதறி நேரலையைச் சட்டென்று நிறுத்தியிருந்தாள்.

இதைத் தான் சுமக்கக் கூடாது என்று அன்று சாயங்காலமே ஆலயத்துக்குப் போனாள். போதகர் ஏணி மேல் நின்று வாசலுக்கு விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருக்கு. நீங்கதான் பதில் சொல்லணும்."

"ஜெபிக்கிறோம்னு என் பேர்ல நீயே போட்டுடும்மா."

"இல்லங்கய்யா, இது யாருன்னா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் செயலாளர்.

"யாரும்மா?" என்றார் செயலாளர்.

"யாரோ வெளியூர்க்காரங்க, சார்."

வீட்டுக்கு வந்து துணி மடிக்கிற கட்டிலில் உட்கார்ந்து எழுதினாள்: 'நான் ஐயா இல்லம்மா. பக்கத்தைப் பாத்துக்கிற அக்கா. எனக்கு உன்னை ஞாபகம் இருக்கு. நீ வா.' எதிர்முனை நேரம் கழித்துத்தான் பதில் போட்டது. 'நீங்கன்னா இன்னும் நல்லது அக்கா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.'

அதற்குப் பிறகு தினமும் வந்தது. அப்பாவுக்கு இருமல் விட்டதா? இன்னும் கீர்த்தனைகளைத் தாழ்ந்த குரலில்தான் பாடுகிறாரா? அந்தச் சாம்பல் கோட்டைத்தான் போடுகிறாரா? செயலாளரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் கோட்டுக்கும் தொண்டைக்கும் தானாகப் போனது. பார்த்ததை எழுதி அனுப்பினாள். உளவு பார்ப்பவள்போலத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. நிறுத்தவும் மனம் வரவில்லை. போதகரிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், அவர் மனசில் எதுவும் தங்காது. அடுத்த கமிட்டிக்குள் அது எல்லார் முன்னும் வாசிக்கிற ஜெபக் குறிப்பாகிவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குகிறதாம். அவள் கம்பிக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கும்போது மேசையில் போன் அதிர்ந்தது. அது யாரென்று பார்க்காமலே தெரிந்தது. போனைக் குப்புறப் போட்டாள்.

"யாரு, சபைப் பக்கமா?"

"ஆமா சார்."

"என்னவாம்?"

"ஆராதனை நேரம் கேக்குறாங்க."

"போஸ்டர்லயே போட்டிருக்கே! ஜனங்களுக்குப் படிக்கத் தெரியாமப் போச்சு."

கண்ணாடியை அவர் காதில் மாட்டிவிட்டாள். அவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மகளுக்கும் அதே புருவம். இன்னொரு தடவை கழற்றி, நேராக இருந்த கம்பியை மறுபடி நேராக்கினாள்.

"இப்ப நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அன்று சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தவளிடம் கணவன் சொன்னான்: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எல்லா பட்டனையும் மாத்தி மாத்தி அமுக்குவாங்க. நீ ஒண்ணையும் அமுக்க மாட்டேங்கிறியே."

"எதை அமுக்கினாலும் யாராவது ஒருத்தர் விழுவாங்கப்பா" என்றாள். அவன் தட்டை மூடி வைத்தான்.

கிறிஸ்துமஸ் காலை ஆலயம் நிரம்பி வழிந்தது. நடுவழியில் ஸ்டாண்டை நிறுத்தி நேரலையைத் தொடங்கினாள். முதல் பாட்டு முடியும் நேரத்தில் அந்தப் பெண் குழந்தையோடு உள்ளே வந்து, தூணுக்குப் பக்கத்தில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வேதபாடம் வாசிக்க வேண்டியவர் செயலாளர். மேலே ஏறினார், கண்ணாடியைச் சரிசெய்தார், வாசிக்கத் தொடங்கினார். ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தலை நிமிர்த்தினார்.

குரல் நின்றது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஸ்டாண்டிலிருந்த போன் திரையில் மட்டும் வரிசையாகக் கமெண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன: 'அக்கா, சவுண்ட் வரல', 'ஆடியோ போச்சு', 'குரூப் அக்கா எங்கே?' அவள் கேமராவைத் திருப்பவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஸ்டாண்டைப் பிடித்தபடியே நின்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பின் அவர் முதலில் வாசித்த வசனத்தையே மறுபடி வாசித்து, அத்தியாயத்தை முடித்துவிட்டு இறங்கினார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் வழியில் யாரையும் பார்க்காமல் கடைசி பெஞ்ச்வரை நடந்தார். மகள் எழுந்து நின்றாள். அவர் குழந்தையை மட்டும் பார்த்தார்.

"ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்திருக்கே. பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."

அவ்வளவுதான். மகள் வாயெடுப்பதற்குள் திரும்பிவிட்டார். திரும்பியவர் நேராக ஸ்டாண்டிடம் வந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"நான் கடைக்கு வந்தப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவர் முகம் இறுகியது. "எம்முகத்தைத் தொட்டுக் கண்ணாடி மாட்டிவிட்டியேம்மா. பாஸ்வேர்டைக் கொடு. இனி பக்கத்தை நான் பாத்துக்கறேன்."

எத்தனையோ நாளாக அவள் கேட்ட விடுதலை அது. சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிடலாம். இனிமேல் பெஞ்சில் உட்கார்ந்து பாடலாம். ஆனால் பக்கத்தின் செய்திப்பெட்டிக்குள் இந்தப் பெண் மட்டுமா இருந்தாள்? இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, கணவன் கை நீட்டுவதை எழுதியிருந்தாள். விசுவாசமே போய்விட்டது, வெளியே சொல்ல வேண்டாம் என்று ஒரு வாலிபன் எழுதியிருந்தான். பழையதை அழித்துவிடலாம். நாளைக்கும் அவர்கள் அதே இடத்தில் வந்துதான் எழுதுவார்கள். அதைச் செயலாளர் வாசிப்பார்.

"தர முடியாது சார்."

போதகர் ஓடி வந்தார். "என்னம்மா, நீதானே விட்டுடறேன்னு கேட்டுக்கிட்டிருந்தே?"

"கேட்டேன் ஐயா. இப்ப விட முடியாது."

ஏன் என்று அவர் கேட்டபோது அவள் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவில், சத்தம் ஏன் போனது என்று கேட்ட அத்தனை பேருக்கும் 'தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கவும்' என்று பதில் போட்டாள்.

செயலாளர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக்கு வேறு கடைக்குப் போனார். மகள் சில ஞாயிறுகளில் வந்தாள், ஃபேனைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் அவளை எழுந்து போகச் சொல்லவும் இல்லை.

புது வருடத்தின் முதல் கமிட்டியில் யாரோ, கிறிஸ்துமஸ் வீடியோவில் சத்தம் இல்லாத அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றார்கள். எல்லாரும் குரூப் அக்காவைப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும், விடுங்க" என்றார் செயலாளர், அவள் பக்கம் திரும்பாமலே.

போதகர் உற்சாகமாகத் தொண்டையைக் கனைத்தார். "சரி. அப்புறம், நம்ம வாலிபர் எல்லாம் இன்ஸ்டாகிராம்லதான் இருக்காங்களாம். அதையும் நீயே பாத்துக்கம்மா. நீ இல்லன்னா யாரு இருக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லாரும் கை தட்டிவிட்டார்கள்.