பிள்ளைகள் அறையில் அடுக்கிய மூட்டைகள்

என் பிள்ளைகளின் அறையைப் பாழாக்கியது என் கணவர்தான். பிள்ளைகளை நான் வளர்த்த லட்சணம் சரியில்லை என்று நெல் கொள்முதல் நிலையத்தில் அத்தனை பேர் நடுவில் சொன்னவரும் அவர்தான். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. நெல் குவியலுக்குள் கையை விட்டு ஒரு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், பதில் சொல்ல நேரமில்லை. இப்போது நேரமிருக்கிறது.

எங்கள் வீடு சுவாமிமலைக்குப் பக்கத்து ஊரில், வாய்க்கால் ஓரம். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு அறை. மாமனார் காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்ட குடும்பம். சொந்தமாக இரண்டு ஏக்கர், குத்தகைக்கு மூன்று ஏக்கர் என்று வந்த பிறகு கட்டிய வீடு இது. கட்டும்போது கொத்தனாரிடம் என் கணவரே, "இது புள்ளைங்க ரூமுங்க, ஜன்னல பெருசா வைங்க" என்று சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் படுத்துக்கொள்வதாக முடிவு. அந்த வார்த்தையை அவர் மறந்துவிட்டார். கொத்தனாருக்குக்கூட நினைவிருக்கும்.

முதலில் விதைநெல் வந்தது. ஒரே ஒரு மூட்டை. வெளியில் வைத்தால் எலி கடிக்கும் என்றார். பிறகு யூரியா, ஈரம் பட்டால் கசிந்துவிடும் என்றார். மோட்டார் கெட்டபோது அதைச் சரிசெய்யும்வரை அதன் குழாய்களும் உள்ளே கிடந்தன. பூச்சிமருந்து தெளிப்பானையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார். அதை மட்டும் நான் தூக்கி வாசலில் எறிந்தேன், இரண்டு நாள் பேச்சு இல்லை. ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த அறையில்தான் ஃபேன் நன்றாகச் சுற்றும், தளமும் ஒழுகாது. நனைந்த நெல்லைத் தரை முழுக்கப் பரப்பி ஃபேனைப் போட்டுவிட்டார். என் பிள்ளைகள் மூன்று நாள் காலைக் கீழே வைக்காமல் கட்டில்மேலேயே உட்கார்ந்து படித்தார்கள். நெல்லுச் சுணை ஒட்டி மகன் தூக்கத்தில்கூடக் கழுத்தைச் சொறிந்தான்.

இத்தனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கத்தியது பிள்ளைகளிடம்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை அங்கே விளையாடி முடித்த பொம்மையை எடுத்த இடத்திலேயே வைக்கும். செருப்பை வரிசையாக விடும். சாப்பிட்ட தட்டைக் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய்ப் போடும். வீட்டுக்கு வந்தால் பத்தாவது படிக்கிற மகளின் பை கதவுக்குப் பின்னால் கிடக்கும், ஆறாவது படிக்கிற மகனின் டவுசர் மூட்டைமேல் தொங்கும். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஊரான் புள்ளைங்க நான் சொன்னா கேக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் பன்னிக்குட்டி மாதிரி கெடக்குறீங்க."

"எங்கம்மா வைக்கிறது?" என்றாள் மகள்.

"வாய்க்கு வாய் பேசாத."

"பேசலம்மா, கேக்குறேன். இந்தப் பைய எங்க வைக்கிறது? நீயே ஒரு எடம் சொல்லு."

சுற்றிப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவில் சுவரே தெரியவில்லை. அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

இது நடந்தது போன தை மாதம், சம்பா அறுப்பு முடிந்த சமயம். கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை நெல் மூட்டைகள் எல்லாம் அந்த அறையில்தான் அடுக்கியிருந்தன. ஒரு நாள் பொறுமை போய் இரண்டு பேரிடமும் சொன்னேன்: "நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தரையில எது கெடந்தாலும் சாக்குல போட்டுக் கட்டிருவேன்." திரும்பி வந்தபோது தரை அப்படியேதான் இருந்தது. ஒரு காலிச் சாக்கை எடுத்துக் கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டேன். என்ன போடுகிறேன் என்று பார்க்கவே இல்லை. வாயைச் சணலால் கட்டி, மற்ற மூட்டைகளோடு சாய்த்து வைத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவிழ்ப்பேன் என்று சொன்னேன். அவர்கள் அழவில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நான் அங்கன்வாடியிலிருந்து வந்தபோது அறை காலியாக இருந்தது; விதைநெல்லும் உரமும் முன்பே தீர்ந்திருந்தன, இப்போது நெல்லும் இல்லை. முறை வந்துவிட்டது என்று மதியமே என் கணவர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த அறைக்கு நான்கு சுவர் இருப்பதைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் எதிர்ச்சுவர்வரை விழுந்திருந்தது. நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றபோது மகள் பள்ளியிலிருந்து வந்தாள்.

"அம்மா, அந்தச் சாக்க அவிழு. ரெக்கார்டு நோட்டு அதுலதான் இருக்கு. நாளைக்கு சார் கையெழுத்துப் போடணும்."

செய்முறைத் தேர்வுக்கு அந்த நோட்டு இல்லாமல் உட்கார முடியாது. ஒரு வருஷம் முழுக்க வரைந்து, எழுதி, அட்டை போட்டு வைத்திருந்தாள். மூட்டைகள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. "அம்மா" என்று மட்டும்தான் சொன்னாள். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கொள்முதல் நிலையத்தில் இறங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் மூட்டைகளை அவிழ்த்துக் களத்தில் கொட்டியிருந்தார்கள். குவியலின் உச்சியில் மகனின் ஒற்றை சாக்ஸ், நைந்த டவுசர், ஸ்கிப்பிங் கயிறு, வாய் பிளந்த ஜியாமெட்ரி பாக்ஸ், தலையில்லாத பொம்மை.

"மாமா, இது சன்ன ரகமா, மோட்டாவா?" என்று ஒருவன் என் கணவரிடம் கேட்டான்.

"மெஷின வையுங்கய்யா, அந்த சாக்ஸுல ஈரப்பதம் எவ்வளவுன்னு பாத்துருவோம்."

"கூட இருந்துச்சுன்னா எடுக்க மாட்டாங்க மாமா. காயவச்சு நாளைக்குக் கொண்டாங்க."

என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவர்களிடம் சொன்னார்: "எல்லாம் வளர்ப்புங்க. இவ ஊருப் புள்ளைங்களத்தான் பாத்துப்பா. சொந்தப் புள்ளைங்களுக்கு எத எங்க வைக்கிறதுன்னு சொல்லிக் குடுக்க மாட்டா."

மகள் அதற்குள் பள்ளிச் சீருடையோடு குவியலில் முட்டி போட்டுவிட்டாள். முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். நானும் உட்கார்ந்தேன். பக்கத்தில் தூற்றுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, குவியலின் ஒரு ஓரத்தை ஏற்கெனவே அதில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூட்டைகளை ஏற்றி வந்த சுமைதூக்குகிற பெரியவர்தான் முதலில் சிரிப்பதை நிறுத்தினார்.

"மெஷின நிறுத்துய்யா. பாப்பா பள்ளிக்கூட நோட்டத் தேடுது."

அதற்கப்புறம் கிண்டல் செய்தவர்களும் குனிந்தார்கள். சாக்ஸுக்கு ஈரப்பதம் பார்க்கச் சொன்னவன்தான் கடைசியில் நோட்டை உருவி எடுத்தான். உதறினான். பக்கங்களுக்கு இடையிலிருந்து நெல் கொட்டியது. பூவின் பாகங்கள் வரைந்த பக்கம் ஓரத்தில் மடங்கியிருந்தது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. மகள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

"அப்பவே சொன்னேன், இந்த மூட்டை லேசா இருக்குன்னு" என்றார் பெரியவர் என் கணவரிடம். "நீங்கதான், உள்ள கருக்காய் நெறைய இருக்கும், ஏத்துன்னீங்க."

உள்ளே அரிசி பிடிக்காத வெறும் உமிதான் கருக்காய். மகளின் ஒரு வருஷப் படிப்பு அவருக்குக் கருக்காயாகத் தெரிந்திருக்கிறது. என் கணவர் டோக்கனை எடுத்துக்கொண்டு எடை போடுகிறவர் பக்கம் போய்விட்டார்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "அம்மா, ரூமுல இப்ப ஒண்ணுமில்லல்ல?"

"இல்ல."

"அப்ப இன்னிக்கே கழுவிருவமா? அடுத்த மூட்டை வர்றதுக்குள்ள."

அன்றைக்கே கழுவினோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மகன் துடைப்பத்தால் தள்ள, மூலையிலிருந்து பழைய உமி, எலிப்புழுக்கை, என்றோ காணாமல் போன என் ஒற்றைக் கொலுசுகூட வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கன்வாடியில் அலமாரி குழந்தையின் இடுப்பு உயரம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு படம் ஒட்டியிருக்கும், பொம்மைக்குப் பொம்மை, பந்துக்குப் பந்து. குழந்தை எடுத்த இடத்தில் வைக்கிறது என்றால், அங்கே ஓர் இடம் இருக்கிறது. என் வீட்டில் ஆணி அடித்திருந்ததெல்லாம் என் தலைக்கு மேலே. பிள்ளைகளுக்கு நான் அடியைக் கொடுத்தேன், இடத்தைக் கொடுக்கவில்லை.

வீடு கட்டியபோது மிஞ்சிய பலகைகள் கொல்லையில் கிடந்தன. செங்கலை இரண்டு பக்கமும் அடுக்கிப் பலகையைப் போட்டோம். மகன் கை எட்டுகிற உயரத்தில் அவனே நான்கு ஆணி அடித்தான், ஒன்று கோணல். மகளுக்கு ஜன்னல் ஓரம், மகனுக்குக் கதவு ஓரம். பிறகு இரண்டு பேரையும் கட்டிலில் உட்கார வைத்துச் சொன்னேன்: "சாக்குல போட்டது என் தப்பு. அடிச்சதும் தப்பு." மகனுக்கு முன்னால் மகளிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"சரி விடும்மா" என்றாள். "நாளைக்கு சார் முன்னாடி நோட்டுலேருந்து நெல்லு கொட்டுனா என்ன சொல்றது?" நோட்டை இன்னொரு முறை உதறினாள். இரண்டு நெல்மணி விழுந்தது.

சார் கையெழுத்துப் போட்டார். பரீட்சையும் எழுதினாள்.

அறை தினமும் பளிச்சென்று இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். மகன் இன்னமும் டவுசரைக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளுகிறான். ஆனால் பை அதன் ஆணியில் தொங்குகிறது, புத்தகம் பலகையில் இருக்கிறது. சனிக்கிழமை அக்காவும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டே பெருக்குகிறார்கள். நான் கத்துவதில்லை. கத்த வேண்டியிருப்பதில்லை.

சித்திரையில் உளுந்து வந்தது. முதல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நேராக அறைக்குப் போனார். மகள் வாசலில் நின்றாள்.

"அப்பா, கேட்டுட்டு வைங்க."

"யார்கிட்ட கேக்கணும்?"

"எங்ககிட்ட."

"வைக்க வேணாம்" என்று உள்ளேயிருந்து மகன் சொன்னான்.

தோளில் மூட்டையோடு எவ்வளவு நேரம் நிற்பார்? என்னைப் பார்த்தார், நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் எங்கள் பாய் விரிக்கிற இடத்தில் இறக்கினார். மூன்று வாரம் நாங்கள் உளுந்து மூட்டைகளுக்கு நடுவில் ஒருக்களித்துப் படுத்தோம். அவர் கண்ணாடியைத் தொலைத்தார், ஆதார் அட்டையைத் தொலைத்தார், ஒரு நாள் செருப்பைத் தொலைத்தார். "எத எங்கதான் வைக்கிறது இந்த வீட்டுல?" என்று கத்தினார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைக்கு ஓடினாள்.

இதோ குறுவை அறுப்பு வரப்போகிறது. போன வாரம் அறை வாசலில் நின்று உள்ளே கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஃபேன் நல்லா சுத்துதான்னு பாத்தேன்."

நன்றாகத்தான் சுற்றுகிறது. பிள்ளைகளுக்காக.

அவருக்கு நான் சொல்வது இதுதான்: கொல்லையில் கொட்டகை போட இடம் இருக்கிறது, போடுங்கள், நானும் கூட நின்று கீற்று எடுத்துத் தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. என் தப்பை நான் பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டேன். நீங்கள் என் வளர்ப்பைப் பற்றி வீட்டுக்குள் வைத்துப் பேசவில்லை, களத்தில் பேசினீர்கள். அதனால் வீட்டுக்குள் வந்து முணுமுணுக்கிற பதில் எனக்கு வேண்டாம். குறுவை நெல்லை ஏற்றிக்கொண்டு போகிற அன்று நானும் மகளும் வருகிறோம். அதே களம், சிரித்த அதே ஆட்கள், மெஷினை நிறுத்தச் சொன்ன அதே பெரியவர். அவர்கள் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்: அந்த அறையில் மூட்டையை அடுக்கியது யார்?