ஹர்லாம்பியின் ஆரஞ்சுப் பெட்டி

2022 மார்ச் 2: காற்றழுத்தம் 1009. குளிர் −34. காற்று வினாடிக்கு 4 மீட்டர்.
மார்ச் 3: 986. −27. காற்று 21.
மார்ச் 4: 968. −24. காற்று 33.
மார்ச் 5: 969. −25. காற்று 31.

சைபீரியாவின் லெனா ஆறு கடலில் கலக்கும் இடத்து வானிலை நிலையத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான் எழுதிவரும் பதிவேட்டின் நான்கு வரிகள் இவை. இந்த நான்கு நாளும் ஹர்லாம்பி ஸ்லெப்ட்சோவ் வெளியில் இருந்தான். ஐம்பத்தாறு வயது, கலைமான் மேய்ப்பவன். சிதறிய மந்தையைத் தேடிப் போயிருந்தான். ஆபத்தில் செயற்கைக்கோளைக் கூப்பிடும் ஆரஞ்சுப் பெட்டி ஒன்று அவனிடம் இருந்தது.

துருவத்துக்கு மேலிருந்து செயற்கைக்கோள் அனுப்பிய படத்தில் புயல் ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருண்டு கிடந்தது. அதற்கடியில் ஒரு மனிதன்.

அவன் மனைவி அகுலீனா நிலையத்தை விட்டு நகரவில்லை.

"அண்ணே, அந்த ஆபத்துப் பெட்டி கூப்பிட்டுச்சா?"

"இல்லம்மா. பொத்தானை அமுக்கியிருந்தா செயற்கைக்கோளுக்குக் கேட்டிருக்கும். மீட்பு மையத்துல ஒண்ணும் வரலையாம்."

"அமுக்கியிருப்பாரு. ஆனா பேட்டரி போட்ட சாமான்னா அவருக்கு நெஞ்சுக்குள்ளதான் வைக்கணும். டார்ச்சு, ரேடியோ எல்லாம் அங்கதான் தூங்கும். எனக்குத்தான் இடமில்ல."

அவள் சிரித்தாள். குளிரில் பேட்டரி செத்துவிடாமல் உடம்புச் சூட்டில் வைப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் பனிக்குழிக்குள், இரண்டு தோலுடைகளுக்கு அடியில் இருக்கும் பெட்டியின் குரல் வானத்துக்கு எட்டாது. அதை அவனிடம் சொல்ல வழியில்லை.

மார்ச் 5, காலை 11:40. மையத்திலிருந்து அழைப்பு: பெட்டியின் குரல் கேட்டுவிட்டது, அவன் இருக்கும் இடமும் தெரிந்துவிட்டது. நான் படத்தைப் பார்த்தேன். மேற்கே மேகத்தில் ஒரு கிழிசல். இரண்டு மணி நேரத்தில் அவன் தலைக்கு மேல் வந்துவிடும் என்று மையத்துக்குச் சொன்னேன். ஹெலிகாப்டர் அந்தக் கிழிசலில் புகுந்து அவனைக் கொண்டுவந்தது. கால்விரல் இரண்டு போயின.

"பெட்டியை எப்பதான்டா வெளிய எடுத்தே?" என்று ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டேன்.

"எங்க எடுத்தேன்? அமுக்கிட்டு ரெண்டு நாளா நெஞ்சோட அணைச்சு வெச்சும் ஒருத்தனும் வரல. போ சனியனேன்னு வெளிய வீசிட்டேன்."

அந்தப் பெட்டியின் சக்தி ஐந்து வாட். ஒரு சிறு விளக்கின் பலம். அந்தப் புயலைத் துளைத்துக்கொண்டு மேலே போய், கேட்க வேண்டிய காதில் விழுந்திருக்கிறது. எண்களோடே வாழ்ந்தவன் நான். இதை எழுதும்போது மட்டும் பேனா நின்றுவிட்டது.

பிறகு ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும், எந்த ஆற்றோரம் இருப்பான் என்று எனக்கு எழுதினான். கடைசிக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "கால் முடியல, இனிமே நான் போகல. மருமகன் போறான், ஓலென்யோக் ஆத்துப் பக்கம். பெட்டியைக் கூடாரத்துக்கு வெளிய, கம்பத்துல கட்டச் சொல்லிக் குடுத்திருக்கேன். படத்துல அவனையும் பாத்துக்கோங்க."

வந்த நாள்: 2024 நவம்பர் 19.