ஆகஸ்ட் பதினொன்றில் ஓர் அக்கினிச்சட்டி

தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊர். பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார்கள், எழுதாவிட்டாலும் வருவார்கள். அங்கே ஒரு பேச்சு உலவுகிறது. 1942 ஆகஸ்டில் வெள்ளைக்காரப் போலீஸ் தேடிய ஒருவருக்கு ஊரே சேர்ந்து மஞ்சள் சேலை கட்டி, கையில் அக்கினிச்சட்டி கொடுத்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பியதாம். வழிமறித்த போலீஸ்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்களாம். அவர் நடந்து நடந்து அந்தப் புகைக்குள்ளேயே போய்விட்டாராம்.

பார்த்தவர்கள் யாருமில்லை. பார்த்தவர்களைப் பார்த்தவர்கள் ஏராளம். ஆதாரம் கேட்டபோது, டீக்கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த தினசரி காலண்டர் தாளைக் காட்டினார்கள். ஆகஸ்ட் 11, 2011. ராகு காலம், எமகண்டம், அதற்குக் கீழே 'வரலாற்றில் இன்று' என்று நாலு வரி. ராகு காலம் சரியாக இருக்கும்போது வரலாறு மட்டும் எப்படித் தப்பாகும்?

தாளின் அடியில் இருந்த அச்சகப் பெயரைப் பிடித்துக்கொண்டு சிவகாசிக்குப் போனால், பிழை திருத்தும் மேஜையில் முகம்மது இஸ்மாயில். முப்பத்தோரு வருஷமாக அடுத்த வருஷத்திலேயே குடியிருப்பவர். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். அதனால் நாமெல்லாம் சித்திரை வெயிலில் புழுங்கும்போது அவர் அடுத்த மார்கழிப் பனியில் இருப்பார். வரப்போகும் தீபாவளியைத் தாண்டி, அதற்கடுத்த தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும் நேரத்தையும் சரிபார்த்திருப்பார். மகள் ஹஸ்னாவின் நிக்காஹ் எப்போது நடந்தது என்று கேட்டால் மட்டும் மோவாயைத் தடவுவார்.

தாளைப் பார்த்ததும் சிரித்தார்.

"அன்னைக்கு இந்தக் கட்டம் காலியாக் கெடந்துச்சு. மெஷின்காரன் சுந்தரபாண்டி பிளேட்டு கேட்டுக் கத்துறான். மத்தியானம், கண்ணு அசந்துட்டேன். கனவுல ஒரு ஆளு சட்டியோட போனாரு, போலீஸு கும்பிட்டுச்சு. முழிச்சதும் எழுதிக் குடுத்துட்டேன்."

"ஊர்ப் பேரு?"

"அந்த ஊருக் கம்பெனி ஆர்டர் கண்ணு முன்னால கெடந்துச்சு."

அடுத்த வருஷத்து ஆகஸ்ட் 11-இல் 'அது கற்பனை' என்று திருத்தம் போடப்போவதாகச் சொல்லிச் சிவப்புப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் ஆவுடைத்தாய் உள்ளே வந்தார்.

பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவர். 1942-இல் அந்த ஊரைவிட்டுப் போய்த் திரும்பாத சண்முகவேல் அவருடைய தாத்தா. கோயில் மணியைத் திருடிக்கொண்டு ஓடியவன் என்றுதான் எழுபது வருஷமாக ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. நாலு வரி அச்சில் வந்ததும் மணி மறந்துபோய், சட்டி ஞாபகம் வந்துவிட்டது. வருகிற சுதந்திர தினத்தன்று ஊர்ப் பொது மந்தையில் கல் நடுகிறார்கள்.

"காலண்டர்ல பேரு வந்தாத்தான் கல்லுல வெட்டுவாகளாம் பாய். சண்முகவேல்னு சேத்துப் போட்டுருங்க."

"கோவிச்சுக்கிடாதீக தாயி. அது நான் கண்ட கனவு."

சுந்தரபாண்டி மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஆவுடைத்தாய் அழவில்லை.

"கனவா? உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு? அவரு ஏன் உங்க கனவுல வரணும்?"

"அவருதான்னு எப்படிச் சொல்றீக?"

"அதை நீங்கதான் சொல்லணும். வலது புருவத்துல வெட்டுத் தழும்பு இருந்துச்சா?"

"புகையா இருந்துச்சு தாயி..."

"போலீஸைப் பாத்தீக, கழட்டிப்போட்ட செருப்பைப் பாத்தீக, மொகத்தைப் பாக்கலையாக்கும்!"

"பாய், வசமா மாட்டிக்கிட்டீக" என்றார் சுந்தரபாண்டி.

இஸ்மாயில் பேனாவை மூடினார். "அந்த ஆளு கனவுல இன்னொரு தடவை வந்தா பாத்துச் சொல்றேன்."

"பாருங்க. தழும்பு இல்லைன்னா கற்பனைன்னே போட்டுக்கிடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். இருந்தா பேரு வரணும்."

ஆடிப் பதினெட்டு போய்விட்டது. புதுக் காலண்டரின் அந்தக் கட்டத்தில் பேரும் இல்லை, திருத்தமும் இல்லை. 'வெந்நீர் உடலுக்கு நல்லது' என்று இருக்கிறது. மந்தையில் கல் நிற்கிறது, பேருக்கு ஒரு சாண் இடம் விட்டு. மத்தியானமானால் இஸ்மாயில் மேஜையில் தலை சாய்க்கிறார். சுந்தரபாண்டி மெஷினை நிறுத்திக் காத்திருக்கிறார். கனவு வராமல் இல்லை. ஆனால் அதில் நடமாடுகிறவர்கள் எல்லாம் அடுத்த வருஷத்து ஆட்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் போன் வருகிறது.

"தூங்குனீகளா பாய்?"

"தூங்குனேன் தாயி. இன்னும் வரலை."