நான் கீழே வைத்த ரிசீவர்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பில்லைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. இப்படி உட்கார்ந்து எழுதுவதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் பில் போட்டேன். கடைக்கு அடியில், தரைக்குக் கீழே, குடோன். மிளகாய் வத்தல், மல்லி, காலிச் சாக்கு எல்லாம் அங்கே. மூட்டை எடுத்துத் தருகிற அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர். என் மேஜையிலிருந்து குடோனின் பின்னறைக்கு ஓர் இன்டர்காம் இருந்தது. வேண்டிய சரக்கை நான் வாசிப்பேன். முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை வைத்துவிடுவேன். வைத்தால், எடுத்துக்கொண்டு மேலே வா என்று அர்த்தம். பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியாத எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். படிக்கட்டிலிருந்து வத்தல் கருகும் நெடி வந்தது. கடையில் இருந்தவர்கள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள். நானும் எழுந்தேன். அப்போது இன்டர்காம் அடித்தது.

"தங்கச்சி, படிப் பக்கம் பூரா தீ. பின்னறையில கதவச் சாத்திட்டு கெடக்கேன். ஆள வரச் சொல்லு."

ஃபயர் ஃபோர்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அவர்களின் வாக்கி டாக்கி நான்கு படி இறங்கியதும் வெறுமனே இரைந்தது. கீழே இருப்பவரோடு பேச என் கையில் இருந்த ரிசீவர் மட்டும்தான். பின்னறையில் சந்துப் பக்கமாக ஒரு காற்றுத் துவாரம் உண்டு. அதன் கம்பியை அறுத்து அவரைத் தூக்கப் போகிறோம், அதுவரை அறையை விட்டு அசையக் கூடாது என்று சொல்லச் சொன்னார் ஆபீசர்.

"சேச்சி, போன் வெக்கல்லே. சம்சாரிச்சோண்டிரிக்கணும்" என்று மலையாளத்தில் சொன்னார். வைக்காமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் என்ன பேசுவது? அத்தனை வருஷமும் சரக்கைத் தவிர அவரிடம் ஒன்றும் பேசியதில்லை. ஈரத் துணியை மூக்கில் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, மல்லி எத்தனை மூட்டை இருக்கு?" என்று கேட்டேன்.

"எரியதுக்கு முன்னயா, பொறவா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வருஷக்கணக்கா வாயத் தொறக்காதவ, இன்னைக்குத்தான் தொறந்திருக்கே. சும்மா பேசு புள்ள. சத்தம் கேட்டா தெம்பா இருக்கு."

என் அம்மாவின் மூட்டுவலி, வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் இருமல் கூடிக்கொண்டே போனது. சந்துப் பக்கம் கம்பி அறுக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

அந்த நேரத்தில் முதலாளி ஓடிவந்தார். அவர் வரும்போது எங்களில் யார் காதிலும் போன் இருக்கக் கூடாது. வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். அது கடை வழக்கம்.

நான் ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் புரிந்தது. உடனே எடுத்து அடித்தேன். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. கீழே யாரும் எடுக்கவில்லை.

மேலே வா என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கதவைத் திறந்து படிக்கட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைப் படியிலேயே கண்டு தூக்கினார்கள். தீயில் காய்ந்த இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதற்குள் சந்தில் கம்பியை அறுத்து முடித்திருந்தார்கள்.

"லைன் கட் ஆயோ, சேச்சி?" என்று ஆபீசர் கேட்டார்.

முதலாளி பக்கத்தில் நின்றார்.

"ஆமா, கட் ஆயிட்டு" என்றேன்.

அண்ணாச்சி உயிர் பிழைத்தார். உள்ளங்கைத் தோல் சுருங்கி, மூட்டை தூக்க முடியாமல் போயிற்று. தொண்டை கடைசி வரை சரியாகவில்லை. ஊருக்குப் போகும் முன் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன்.

"லைன் போயிட்டாமே. நீ வச்சுட்டேன்னு நெனச்சில்லா வெளிய வந்தேன். கிறுக்கன் நான்" என்று கம்மிய குரலில் சிரித்தார். பஸ் புறப்படும் வரை நின்றேன். சொல்லவில்லை.

தீப்பிடித்ததற்கு மறுநாள் கடை திறக்கவில்லை. இன்டர்காம் பார்க்கிற ஆள் வந்து இரண்டு பக்கமும் அடித்துப் பார்த்தார். லைனில் ஒரு கோளாறும் இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.