உலாலியின் தோட்டத்தில் சங்கிலி

என் மாமியார் உலாலி அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளிக்கு வலிக்கும். யுருமேயில், வெள்ளைக்காரர்கள் செயின்ட் வின்சென்ட் என்று பெயர் வைத்த எங்கள் தீவில், நிலம் அளக்க வந்த அளவுக்காரர்கள் முதலில் தங்கள் அளவுச் சங்கிலியை இழுத்தது அவருடைய மரவள்ளித் தோட்டத்தில்தான். அவர் கணவரைப் புதைத்ததும் அங்கேதான்.

பிரெஞ்சு ராஜா எங்கள் தீவை ஆங்கிலேய ராஜாவுக்குக் கொடுத்துவிட்டாராம். அதனால் எங்கள் கரையோரமாகச் சாலை போடவேண்டுமாம். சாலை வந்தால் கரும்பு வரும், கரும்பு வந்தால் அடிமைகள் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் முன்னோரில் சிலர் எல்லோருக்கும் முன்னால் தெற்கிலிருந்து படகில் வந்து குடியேறியவர்கள். வேறு சிலர் ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, உடைந்த கப்பலிலிருந்து நீந்திக் கரையேறியவர்கள். உலாலிக்கு இரண்டு ரத்தமும் உண்டு.

அளவுக்காரர்களின் தலைவரான ஆங்கிலேயத் துரையின் பேச்சை எங்களுக்குச் சொல்ல பிலிபெர் என்று ஒருவன் கூட வந்திருந்தான். எங்கள் ஆள்தான். எங்கள் ஆண்கள் துப்பாக்கியோடு மேலே காட்டில் இருந்ததால் தைரியமாக ஊருக்குள் நடந்தான்.

"அக்கா, இந்த நிலம் யாருதுன்னு துரை கேக்கறாரு."

"அவருது இல்லன்னு சொல்லு."

"பேரு வேணுமாம்."

"ஊர்ல இருக்கற எல்லார் பேரையும் சொல்றேன், உக்காந்து எழுதச் சொல்லு. ரெண்டு ராஜாவும் எங்களக் கேட்டா பேசி முடிச்சாங்க?"

பிலிபெர் இதில் பாதியைத்தான் துரையிடம் சொல்லியிருப்பான்.

அந்த வாரம் கடல் கொந்தளித்தது. அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த படகு எங்கள் கரையில் ஒதுங்க முடியாமல் திரும்பிப் போனது. அவர்களுக்குக் காவலாக வந்திருந்த சிப்பாய்கள் பசியில் எங்கள் கிழங்கைத் தோண்டினார்கள். எங்களுடையது கசப்புக் கிழங்கு. துருவி, நீண்ட பிழிகூடையில் அடைத்துத் தொங்கவிட்டு, விஷச்சாறு முழுக்க இறங்கிய பிறகுதான் ரொட்டி சுடலாம். அது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் ரொட்டி சுடச்சொல்லி வீடுவீடாக வந்தார்கள்.

எல்லா வீட்டிலும் ஒரே பதில்: பிழிகூடை கிழிந்துவிட்டது. பெண்கள் முதல் நாளே கூடைகளை ஆற்றில் கல் கட்டி அமிழ்த்தியிருந்தார்கள். உலாலி மட்டும் போடவில்லை. அது அவர் கணவர் கடைசியாக முடைந்த கூடை. கூரையில் செருகி வைத்திருந்தார். ஒரு சிப்பாய் அதைக் கண்டுபிடித்துக் கீழே இழுத்துப் போட்டான்.

துரை கோபப்படவில்லை. பிலிபெரிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அக்கா, உனக்கு அதிர்ஷ்டம். நீ ரொட்டி சுட்டுக் குடுத்தா, சாலை போற கோட்ட உன் தோட்டத்துக்கு வெளியே வளைச்சுடுவாராம். மாமா சமாதிய யாரும் தொடமாட்டாங்க."

உலாலி கூடையைக் கையில் எடுத்தார். அதன் முடைச்சலைத் தடவிப் பார்த்தார். ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"வளைச்சா எந்தப் பக்கமா போகும்?"

"கீழ, ரோசிந்த் தோட்டத்து வழியா."

ரோசிந்த் எங்கள் பக்கத்து வீடு. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உலாலி குனிந்து கூடையை அடுப்புக்குள் தள்ளினார். காய்ந்த நாணல் குப்பென்று பிடித்தது.

"இப்ப கேளுங்க, துர. எங்க வீட்லயும் பிழிகூட இல்ல."

இதைத் துரைக்குச் சொல்ல பிலிபெர் தேவைப்படவில்லை. ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் உலாலியின் தோளில் அடித்தான். அதன் பிறகு அந்தக் கை தலைக்கு மேல் உயரவே இல்லை.

விடிந்ததும் அவர்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு பட்டினியோடு திரும்பிப் போனார்கள்.

தோளில் பச்சிலை வைத்துக் கட்டும்போது ரோசிந்த் திட்டினாள். "பைத்தியமே! எங்க கூடைங்களோட ஆத்துல போட்டிருந்தா இப்ப எடுத்திருக்கலாம்ல?"

"பிலிபெர் சமாதின்னு சொன்னதும் ஆசையா இருந்துச்சுடி. அந்தக் கூட கையில இருந்திருந்தா ரொட்டி சுட்டுக் குடுத்திருப்பேன்."

பல வருஷம் கழித்து அவர்கள் பெரிய படையோடு வந்தார்கள். தோட்டங்களைக் கொளுத்தினார்கள். நாங்கள் மலைக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தோம். மலையிலிருந்து இறங்கி வந்தால் சோறு கிடைக்கும், பிறகு கப்பலில் வேறு கரைக்கு அனுப்புவோம் என்றார்கள். என் குழந்தைகள் பசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். நாங்கள் இறங்கக் கிளம்பினோம்.

"வாங்க அத்த," என்று அவர் கையைப் பிடித்தேன்.

"நீ போ. புள்ளைங்களுக்குச் சோறு வேணும்," என்றார். "அவங்க கையால எனக்கு வேணாம்."

காட்டுக்குள் திரும்பி நடந்தார்.