எனக்கு எதிராக நான் வாதாடிய வழக்கு

என் மகனின் கைப்பேசி தினமும் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அலறும். அவன் இறந்த பிறகும் அலறியது. வேலைக்கு எழுந்திருப்பதற்காக அவன் வைத்த அலாரம். விரலால் தள்ளினால் அன்றைக்கு வாயை மூடும். அடியோடு எடுக்க வேண்டுமென்றால் இரகசிய எண் வேண்டும். எண் அவனோடு போய்விட்டது. "சார்ஜ் போடாம விடுங்கலா, தானா அடங்கிடும்," என்று அலுவலகத்தில் ஒருத்தி யோசனை சொன்னாள். நான் சார்ஜ் இறங்கவே விட்டதில்லை.

கணவர் இல்லாத வீடு. நானும், அவனும், அவன் தங்கையும்தான். எங்கள் மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் வார லீவு. அந்த வெள்ளிக்கிழமை, தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு மெர்கோங்கில் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். தொழிற்சாலை பக்கத்தில்தான். லோரி மோதியதோ தஞ்சோங் டாவாய்க்குப் போகும் சாலையில். அந்தக் கடலோர ஊரில் எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. அங்கே எதற்குப் போனான்? யாரைப் பார்க்க? இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்னிடம் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யோடேயே போய்விட்டான். அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

கைப்பேசியைப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மலாய்க்காரர், நல்ல மனிதர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவர் விரல் இருந்தால் திறந்துவிடலாம், அக்கா," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. முகம் செத்துவிட்டது. நான் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தேன். மருத்துவமனையில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் இருந்தேனே, அப்போது தோன்றவில்லையே என்று நினைத்தேன். சீ, பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கைப்பேசி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். கணக்கு இறந்தவரோடு முடிந்துவிட்டது, வாரிசுக்கு மாற்றித் தர இயலாது என்று மரியாதையாக மறுத்தார்கள். நான் பெற்ற பிள்ளை, முடியாது என்று சொல்ல இவர்கள் யார்? அந்தக் கோபத்தில்தான் படிக்கப் போனேன்.

அலோர் ஸ்டாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் கிராணி. வீடு, நிலம் கைமாறும் பத்திரங்களைத் தயாரிப்பது என் வேலை. கோலாலம்பூரில் ஒரு சட்டக் கல்லூரி, அறிவுசார் சொத்துரிமைக்கும் தொழில்நுட்பச் சட்டத்துக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் படிப்பை இணையத்தில் நடத்தியது. சேர்ந்தேன். "என்னக்கா, லோயர் ஆகப் போறீங்களா?" என்று முதலாளி கிண்டலடித்தார். "ஆமா சார், உங்க நாற்காலி மேலதான் கண்ணு," என்றேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டு யாருக்குச் சொந்தம், கடைப்பெயர் யாருக்குச் சொந்தம் என்று பாடம் போகும். எந்த உதாரணத்தைச் சொன்னாலும் அவன்தான் வந்து நின்றான். படம் பொதுவாக எடுத்தவருக்குச் சொந்தம் என்றார் விரிவுரையாளர், என்னைவிட இளைய பெண். அப்படியானால் அந்தக் கைப்பேசியில் அவன் எடுத்த படங்கள் அவன் சொத்து. எனக்கு வந்து சேர வேண்டியவை! குதிக்காத குறைதான். அடுத்த வகுப்பிலேயே அவர் தண்ணீர் ஊற்றிவிட்டார். உரிமை வந்தாலும், பூட்டைத் திறந்துவிடும் கடமை தானாக அந்த நிறுவனத்துக்கு வந்துவிடாதாம்.

படிப்பின் முடிவில் ஒரு மாதிரி வழக்கு வைத்தார்கள். இறந்துபோன மகனின் கணக்கைத் திறக்கச் சொல்லி ஒரு தாய் கேட்கிறாள், நிறுவனம் மறுக்கிறது. என் கதை விரிவுரையாளருக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான், ஊரில் உலகத்தில் என்னைப் போல் எத்தனை பேரோ. யார் எந்தப் பக்கம் என்று குலுக்கிப் போட்டார்கள். எனக்கு விழுந்தது நிறுவனத்தின் பக்கம். மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். விழுந்த பக்கத்துக்கு வாதாடுவதுதான் பயிற்சி என்று சொல்லிவிட்டார்.

நான் பிறந்தது சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லய வீட்டில் ஒரே கூடத்தில் எல்லாரும் படுப்போம். பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளைக்கு என்ன இரகசியம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். வாதத்தை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. கடைசியில் அவனையே எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, நீயே சொல்லுடா என்றேன். சொன்னான். சத்தியமாக அவன் குரல் எனக்குக் கேட்டது. அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

வாதாடும் நாளில் வீட்டுக் கூடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து அதைத்தான் பேசினேன். மகன் உயிரோடு இருக்கும்போதே இந்தக் கதவைத் தாயிடமிருந்துதான் சாத்தி வைத்தார் என்றேன். சாத்தியவர் இறந்துவிட்டார் என்பதால் கதவு தாயின் சொத்தாகிவிடாது என்றேன். 'வேண்டாம்மா' என்று சொல்ல இனி அவரால் முடியாது, அவருக்காக அதைச் சொல்ல இங்கே நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம் என்றேன். தாய்க்காக வாதாடியவர் திணறிப்போனார். ஜெயித்துவிட்டேன். விரிவுரையாளர் வாயாரப் பாராட்டினார். நன்றிகூடச் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தேன்.

கணினியை மூடிவிட்டுத் திரும்பினால், அறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாம் படிவம் படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மா, எனக்கு நம்பர் தெரியும்."

"என்னடி நம்பர்?"

"அண்ணன் போனைத் திறக்கிற நம்பர். முன்னாடியே தெரியும்."

கை ஓங்கிவிட்டேன். நான் பைத்தியக்காரி மாதிரி அலைந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள் பாவி! அவள் நகரவில்லை.

"அம்மாகிட்ட மட்டும் காட்டாதன்னு அண்ணன் சத்தியம் வாங்கிச்சுமா. நான் என்னா செய்யிறது? இப்ப நீங்களும் அதையேதானே பேசுனீங்க. வேணும்னா சொல்லுங்க, திறந்து தரேன்."

வேணும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. சற்று முன் அவனுக்காக நான் பேசியது இன்னும் என் காதிலேயே இருந்தது.

"அன்னைக்கு எங்க போனான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"சந்தோஷமாத்தான் போனானா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷமா போச்சுமா. பாட்டுப் பாடிக்கிட்டே சட்டையை அயர்ன் பண்ணிச்சு. நான் கிண்டல்கூட பண்ணேன்."

"போதும்டி," என்று அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். சாவு வீட்டில் வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது.

சான்றிதழ் வந்துவிட்டது. சட்டம் போட்டு மாட்டச் சொல்கிறாள் மகள். நான் இன்னும் மாட்டவில்லை. போதும் என்று சொன்னேனே தவிர, போதவில்லை. தினமும் காலையில் அவளைக் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவாள், எனக்குப் பயமே அதுதான். பள்ளி வாசல் வரும்வரை அந்தக் கேள்வி தொண்டையில் நிற்கிறது. அவள் இறங்கும்போது, "பார்த்து போடி," என்று மட்டும் சொல்கிறேன்.